சல்மாகிஸ்: கெட்ட பேர் வாங்கின ஊற்று

சல்மாகிஸ். இந்தப் பேரை நீங்க கேள்விப்பட்டிருக்க வாய்ப்பு குறைவு. கிரேக்கப் புராணத்துல வர்ற ஒரு நீரணங்கு. அங்க ஒவ்வொரு ஊற்றுக்கும் ஆற்றுக்கும் ஒரு பெண் தெய்வம் காவல். நம்ம கண்மாய்க் கரையில கன்னிமார் இருக்கிற மாதிரின்னு வச்சுக்கங்க. சல்மாகிஸோட ஊற்று இருந்த ஊர் ஹாலிகார்னாசஸ். இன்னைக்குத் துருக்கியில போட்ரம்னு சொல்ற கடற்கரை நகரம்.

இதுல மதுரைக்காரங்களுக்கும் டாக்டருக்கும் என்ன வேலைன்னு கேப்பீங்க. இருக்கு. இவ பேர்ல ஒட்டிக்கிட்ட ஒரு கதையில இருந்துதான் எங்க மருத்துவத் துறை ஒரு சொல்லை எடுத்துச்சு. அந்தச் சொல்லைப் பிறந்த குழந்தைங்க மேல நூறு வருஷத்துக்கு மேல எழுதிச்சு. பின்னாடியே கத்தியும் வந்துச்சு. அந்தக் கத்தியைக் கீழ வைக்கச் சொல்லி 2019-ல ஒரு தீர்ப்பு வந்தது எங்கேன்னா, நம்ம ஒத்தக்கடைப் பக்கம், யானைமலையைப் பார்த்தாப்புல இருக்கிற உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில.

கொஞ்சம் நீளமான இழை. டீயை எடுத்துக்கிட்டு உக்காருங்க.

முதல்ல கதை. ரோமானியக் கவிஞர் ஓவிட், கி.பி. 8 வாக்கில் எழுதி முடிச்ச 'உருமாற்றங்கள்' நூலில் இது வருது. சல்மாகிஸ் மற்ற அணங்குகள் மாதிரி வேட்டைக்குப் போகமாட்டா. தலை சீவுவா, தண்ணியில முகம் பார்ப்பா, பூப் பறிப்பா. ஒருநாள் ஹெர்மீஸ், அஃப்ரோடைட்டி ரெண்டு தெய்வத்துக்கும் பிறந்த பதினஞ்சு வயசுப் பையன் அந்தப் பக்கம் வர்றான். அப்பா பேரையும் அம்மா பேரையும் சேர்த்து அவனுக்கு ஹெர்மஃப்ரோடிட்டஸ்னு பேரு. இவ ஆசையைச் சொல்றா. பையன் வெட்கப்பட்டு மறுக்கிறான். போற மாதிரி போய் புதர்ல ஒளிஞ்சுக்கிறா. அவன் குளிக்க இறங்கினதும் தண்ணியில பாய்ஞ்சு கட்டிக்கிட்டு, எங்களை எப்பவும் பிரிக்காதீங்கன்னு தெய்வங்களை வேண்டுறா. ரெண்டு உடம்பும் ஒண்ணாயிடுது. ஆணும் இல்லாம பெண்ணும் இல்லாம வெளிய வந்த பையன், இந்தத் தண்ணியில இறங்குறவன் எல்லாரும் பாதி ஆணாப் போகட்டும்னு சாபம் விடுறான்.

இதைக் காதல் கதைன்னு சொல்லித் தர்ற புத்தகங்களைப் பார்த்திருக்கேன். வேண்டாம்னு சொன்ன பதினஞ்சு வயசுப் பையனைக் கட்டிப் பிடிக்கிறதுக்கு இன்னைக்கு போக்சோ சட்டத்துல வேற பேரு.

ஐரோப்பா முழுக்க ஞாபகம் வச்சுக்கிட்டது இந்தக் கதையைத்தான். ஆனா அந்த ஊற்று இருந்த ஊர்க்காரங்க என்ன சொன்னாங்க?

1995-ல போட்ரம்ல, கடலோர மேட்டுல இருக்கிற ஒரு பழைய சுவர்ல கல்வெட்டு ஒண்ணு கிடைச்சுது. கி.மு. 2-ஆம் நூற்றாண்டு. அதாவது ஓவிட் எழுதினதுக்கு நூறு வருஷத்துக்கும் மேல முந்தினது. ஊர்ப் பெருமையைப் பாடுற கவிதை, சுமார் அறுபது வரி. எங்க ஊருக்கு என்ன சிறப்புன்னு அஃப்ரோடைட்டிகிட்ட கேள்வி கேட்டு, பதிலா ஒவ்வொண்ணாச் சொல்லிக்கிட்டே போகுது. சரித்திர ஆசிரியர் ஹெரோடோட்டஸ் எங்க ஊருன்னும் அதுல இருக்கு.

அதே பட்டியல்ல சல்மாகிஸும் வர்றா. ஆனா ஆளே வேற. குழந்தையைக் கையில வாங்கி வளர்த்த தாய். முரட்டு மனசுக்காரங்களைத் தன் தண்ணியால சாந்தப்படுத்துறவ. அவ வளர்த்த அந்தப் பிள்ளை ஹெர்மஃப்ரோடிட்டஸ் என்ன செஞ்சார் தெரியுமா? மனுசங்களுக்குக் கல்யாணம்ங்கிற முறையைக் கண்டுபிடிச்சு, முதன்முதலா அதைச் சட்டத்தால கட்டினவர் அவர்தானாம். சாபம் இல்ல. பாதி ஆண்ங்கிற பேச்சே இல்ல. ஆணும் பெண்ணும் சேர்ந்த உருவம் அந்த ஊருக்குக் கல்யாணத்தோட அடையாளம்.

அப்புறம் எப்படிக் கெட்ட பேர் வந்துச்சு? விட்ரூவியஸ்னு ஒரு ரோமானியக் கட்டடக் கலைஞர் இதுக்கு விளக்கம் எழுதியிருக்கார். கிரேக்கர்கள் வந்து குடியேறி, அங்க இருந்த கேரியர்களை மலைக்கு விரட்டினாங்க. அவங்க இறங்கி வந்து கொள்ளையடிச்சாங்க. அந்த நேரத்துல குடியேறின ஒருத்தர், தண்ணி நல்லாருக்கேன்னு ஊற்றுப் பக்கத்துல ஒரு கடை போட்டார். மலையில இருந்தவங்க ஒவ்வொருத்தரா கடைக்கு வந்து, பேசிப் பழகி, முரட்டுத்தனத்தை விட்டுட்டாங்க. மென்மையாக்கினது அந்தப் பழக்கம்தான், தண்ணி மேல பழி போட்டது பொய்ங்கிறார். நம்மூர் டீக்கடைக்கு இந்த மகிமை உண்டுங்கிறதால எனக்கு இதை நம்பத் தோணுது. ஸ்ட்ராபோன்னு ஒரு புவியியல் அறிஞரும், ஆம்பளைங்க சொகுசாத் திரிஞ்சு கெட்டுப்போறதுக்குத் தண்ணியைக் குத்தம் சொல்றாங்கன்னு கிட்டத்தட்ட திட்டியே எழுதியிருக்கார். ரெண்டு பேர் பேச்சும் எடுபடல. கிசுகிசு ஜெயிச்சிருச்சு.

கதை கதையாவே இருந்திருந்தா நான் இதை எழுத மாட்டேன்.

ஓவிட்டுக்கு இருநூறு வருஷம் முன்னாடி ரோமில், ஆணா பெண்ணான்னு சொல்ல முடியாத உறுப்போட குழந்தை பிறந்தா அது நாட்டுக்கே அபசகுனம். கி.மு. 207-ல ஃப்ரூசினோங்கிற ஊர்ல அப்படிப் பிறந்த ஒரு குழந்தையை உயிரோட பெட்டியில அடைச்சுக் கடல்ல போட்டதை வரலாற்றாசிரியர் லிவி பதிவு செஞ்சிருக்கார். பின்னால பிளினி காலத்துல அபசகுனம் போய் கேளிக்கைப் பொருளா ஆனாங்க. அந்த மனிதர்களுக்கு அங்க வச்ச பேருதான் ஹெர்மஃப்ரோடைட். கல்வெட்டுல கல்யாணத்தைக் கண்டுபிடிச்சவரோட பேரு.

இப்ப எங்க துறைக்கு வர்றேன். டிஃப்தீரியா கிருமியைப் படிக்கும்போது எல்லா மருத்துவ மாணவரும் எட்வின் கிளெப்ஸ் பேரைப் படிச்சிருப்பாங்க. அவர் 1876-ல ஒரு வகைப்பாடு செஞ்சார். உடம்புக்குள்ள விரைத் திசுவும் சினைப்பைத் திசுவும் ரெண்டும் இருந்தா 'உண்மை ஹெர்மஃப்ரோடைட்'. விரை மட்டும் இருந்து வெளித்தோற்றம் வேற மாதிரி இருந்தா 'ஆண் போலி'. சினைப்பை மட்டும் இருந்தா 'பெண் போலி'. குரோமோசோம், ஹார்மோன் எதுவும் தெரியாத காலம், அதனால வகைப்பாட்டைக் குறை சொல்ல மாட்டேன். ஆனா பேரு? ஒரு மனுசனோட கேஸ் ஷீட்ல 'போலி'ன்னு எழுதுறது. நூத்திமுப்பது வருஷம் இந்தச் சொற்கள் பாடப்புத்தகத்துல இருந்துச்சு.

பெயரோட நின்னிருந்தாலும் பரவால்ல. 1950-கள்ல அமெரிக்காவில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில, ஜான் மணி என்ற உளவியலாளரும் கூட வேலை பார்த்தவங்களும் ஒரு கொள்கையை முன்வெச்சாங்க. குழந்தை ஆணா பெண்ணான்னு மனசுல பதியுறது வளர்ப்பை வச்சுத்தான். அதனால சின்ன வயசுலயே ஒரு பக்கத்தை முடிவு பண்ணி, உறுப்பை அதுக்கேத்தபடி அறுவை செஞ்சு, யாருக்கும் சொல்லாம வளர்த்தாப் போதும். இதுக்கு அவங்க பெரிய ஆதாரமாக் காட்டினது கனடாவுல டேவிட் ரீமர்னு ஒரு குழந்தை. அவர் இடைப்பாலினக் குழந்தையே கிடையாது. 1966-ல சுன்னத் அறுவையில நடந்த விபத்தால ஆணுறுப்பை இழந்து, பெண்ணா வளர்க்கப்பட்டவர். வெற்றின்னு எழுதினாங்க. ஆனா டீன் ஏஜ்ல உண்மை தெரிஞ்சதும் அவர் ஆணாவே வாழ ஆரம்பிச்சுட்டார்னு 1997-லதான் உலகத்துக்குத் தெரிஞ்சுது. 2004-ல, 38 வயசுல, உயிரை மாய்ச்சுக்கிட்டார்.

அதுக்குள்ள அந்தக் கொள்கை உலகத்து ஆபரேஷன் தியேட்டர் எல்லாத்துக்கும் போய்ச் சேர்ந்திருந்துச்சு. குழந்தைக்குக் காய்ச்சலோ வலியோ கிடையாது. சிறுநீர் ஒழுங்காப் போகுது. பார்க்கிறதுக்கு 'சரியா' இல்லைங்கிறதுக்காக மட்டும் வெட்டினாங்க. விளைவா உணர்ச்சி போனவங்க, தழும்பு சுருங்கித் திரும்பத் திரும்ப அறுவைக்கு வந்தவங்க, எடுத்திருக்கவே வேண்டாத உறுப்பை எடுத்ததால வாழ்நாள் முழுக்க ஹார்மோன் மாத்திரையை நம்பி இருக்கிறவங்க எத்தனையோ பேர். இதுல பாதிப் பேருக்குத் தனக்கு என்ன செஞ்சாங்கன்னே வீட்ல சொல்லலங்கிறதுதான் கொடுமை.

அந்தக் குழந்தைங்க வளர்ந்து பேச ஆரம்பிச்ச பிறகுதான் மாற்றம் வந்துச்சு. 1993-ல அமெரிக்காவுல இடைப்பாலினர் சங்கம் தொடங்கினாங்க. தங்களைத் திட்டப் பயன்பட்ட அதே சொல்லைத் தங்கள் பத்திரிகைக்குப் பேராவே வச்சாங்க. 2005-ல சிகாகோவுல நிபுணர்கள் கூடி, அடுத்த வருஷம் வெளியிட்ட அறிக்கையில ஹெர்மஃப்ரோடைட், போலி ஹெர்மஃப்ரோடைட் ரெண்டு சொல்லையும் கைவிடச் சொன்னாங்க. தமிழ்ல இப்ப இடைப்பாலினம், ஊடுபால்னு சொல்றோம். ஒண்ணு ஞாபகம் வச்சுக்கங்க. இடைப்பாலினர் வேற, திருநங்கை திருநம்பி வேற. முதல் விஷயம் உடம்பு பிறக்கும்போதே எப்படி அமைஞ்சிருக்குங்கிறது. ரெண்டாவது ஒருத்தர் தன்னை யாரா உணர்றார்ங்கிறது. சிலர் ரெண்டுலயும் இருக்கலாம்.

இப்ப மதுரைக்கு வருவோம். உடம்பு மாறுற புராணம் நம்மகிட்டயும் உண்டு. சுதபஸ் முனிவர் நூபுர கங்கையில குளிச்சுக்கிட்டிருந்தப்ப துர்வாசரைக் கவனிக்கல; தவளையாப் போன்னு சாபம். தண்ணி, சாபம், உருமாற்றம் எல்லாம் ஓவிட் கதை மாதிரியேதான். ஆனா நம்மூர்ல கதை அதோட முடியல. அந்தச் சாபத்தைத் தீர்க்க அழகர் ஒவ்வொரு சித்திரைக்கும் மலையை விட்டு இறங்கி வர்றார். வண்டியூர் தேனூர் மண்டபத்துல மண்டூக முனிவருக்கு மோட்சம் குடுக்கிறதைப் பார்க்க ஊரே கூடுது.

அதைவிட முக்கியமானது மீனாட்சி கதை. அம்மனை நோயாளி ஆக்குறேன்னு யாரும் சண்டைக்கு வந்துராதீங்க. நான் பார்க்கச் சொல்றது அம்மனைப் பெத்தவங்களை.

பரஞ்சோதி முனிவரோட திருவிளையாடற் புராணத்துல நாலாவது படலம், தடாதகைப் பிராட்டியார் அவதாரம். பிள்ளை இல்லாத மலயத்துவச பாண்டியனும் காஞ்சனமாலையும் வேள்வி செய்றாங்க. தீயில இருந்து மூணு வயசுப் பெண் குழந்தை வருது. ஆண் பிள்ளை கேட்டவனுக்குப் பெண் பிள்ளை. அதுவும் மூணு மார்போட. ராஜா கலங்கிப் போறான். எதிரிகள் சிரிப்பாங்களேன்னு கவலை. லேபர் ரூம் வாசல்ல ஒரு அப்பா முகத்துல நான் பார்க்கிற அதே கவலைதான்.

அப்ப ஒரு அசரீரி. என்ன சொல்லுச்சு? மூணாவது மார்பை அறுத்துடுன்னு சொல்லல. பிள்ளையை மறைச்சு வைன்னும் சொல்லல. ஆண் பிள்ளைக்குச் செய்ற சடங்கெல்லாம் இவளுக்குச் செய், தடாதகைன்னு பேர் வை, முடி சூட்டு. இவளுக்கான துணை எதிர்ல வரும்போது அது தானா மறையும். அவ்வளவுதான். ராஜாவும் அப்படியே செஞ்சான். மூணு மார்போடயே அந்தப் பெண் படிச்சா, பட்டம் கட்டிக்கிட்டா, திக்விஜயம் போனா, கயிலாயம் வரைக்கும் ஜெயிச்சா. சித்திரைத் திருவிழாவுல பட்டாபிஷேகம், திக்விஜயம், அப்புறம் திருக்கல்யாணம்னு வரிசையா நாம பார்க்கிறது இதைத்தான்.

தொல்காப்பியம் சொல்லதிகாரத்தோட தொடக்கத்திலேயே, ஆண் பெண் ரெண்டுலயும் அடங்காதவங்களுக்குத் தனி வினைமுடிவு இல்லை, உயர்திணை முடிவையே குடுக்கணும்னு விதி இருக்கு. அவங்களை அஃறிணையில தள்ளல. இலக்கணத்துல குடுத்த மரியாதையைத் தெருவுல குடுத்தோமாங்கிறது வேற கேள்வி. 2006 தோஹா ஆசிய விளையாட்டுல 800 மீட்டர்ல வெள்ளி வாங்கின புதுக்கோட்டை சாந்தி சௌந்திரராஜனுக்கு என்ன நடந்துச்சுன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். செங்கல் சூளைத் தொழிலாளி வீட்டுப் பொண்ணு. பாலினப் பரிசோதனைன்னு ஒண்ணு நடத்தி, பதக்கத்தைப் பறிச்சு, அந்தச் செய்தியை டி.வி.யில ஓட்டினாங்க. ஒருத்தரோட உடம்பு பத்தின ரிப்போர்ட்டை ஊருக்கே படிச்சுக் காட்டினதுக்கு இன்னைக்கு வரை எனக்குக் கோபம் தீரல.

2018 அக்டோபர்ல தூத்துக்குடியில ஒரு கோயில்ல ஒரு கல்யாணம். மாப்பிள்ளை ஆண், மணமகள் திருநங்கை. பதிவுத் துறை அந்தக் கல்யாணத்தைப் பதிய மறுத்துச்சு. ரெண்டு பேரும் மதுரைக் கிளைக்கு வந்தாங்க. 2019 ஏப்ரல் 22-ல நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் தீர்ப்பு சொன்னார். இந்து திருமணச் சட்டத்துல 'மணமகள்'ங்கிற சொல்லுக்கு மாறவே மாறாத ஒரே அர்த்தம் இருக்க முடியாது, திருநங்கையும் அதுல அடக்கம், பதிவு பண்ணுங்கன்னார்.

வழக்கு அதோட முடிஞ்சிருக்கலாம். அவர் நிறுத்தல. அதே தீர்ப்புல இடைப்பாலினக் குழந்தைகள் பக்கம் திரும்பினார். மதுரையைச் சேர்ந்த இடைப்பாலினச் செயற்பாட்டாளர் கோபி ஷங்கரோட பணியைப் பேர் சொல்லிக் குறிப்பிட்டார். பச்சைக் குழந்தைக்குப் பாலின அறுவை செய்யப் பெத்தவங்க குடுக்கிற சம்மதத்தை அந்தக் குழந்தையோட சம்மதமா எடுத்துக்க முடியாதுன்னு சொல்லி, இதைத் தடை செஞ்சு ஆணை போடச் சொல்லி மாநில அரசுக்கு உத்தரவிட்டார். அந்த ஆகஸ்ட்லயே அரசாணை வந்துச்சு. உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் விதிவிலக்கு. அதையும் தனி டாக்டர் முடிவு பண்ண முடியாது, ஒரு குழு பார்க்கணும். இதுக்கு முன்னாடி 2015-ல மால்டாங்கிற குட்டி நாடு இப்படி ஒரு சட்டம் போட்டிருந்துச்சு.

ஒரு கல்யாணத்தைச் சட்டத்துல கட்ட வந்த வழக்குல இருந்து இது பிறந்ததுன்னு நினைக்கும்போது எனக்கு அந்தப் போட்ரம் கல்வெட்டுதான் ஞாபகத்துக்கு வரும்.

எல்லாம் சரியாயிடுச்சான்னா, இல்ல. ஆணை தமிழ்நாட்டுக்கு மட்டும்தான். நாடு முழுக்க வேணும்னு கோபி ஷங்கர் போட்ட மனுவுல 2024-ல உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்கு நோட்டீஸ் அனுப்பியிருக்கு. 2019-லயே வந்த மத்திய அரசோட திருநர் சட்டம் இடைப்பாலினரையும் அதே வரையறைக்குள்ள போட்டிருச்சே தவிர, இந்த அறுவைகளைத் தடுக்கல. நம்ம மாநிலத்துலயும் ஆணை இருக்குன்னே தெரியாத குடும்பங்கள் இருக்கு. "சீக்கிரம் சரி பண்ணிக் குடுத்துருங்க சார், ஊருக்குப் போறதுக்குள்ள" என்ற குரல் நின்னுடல. அந்தக் குரலை நான் குறை சொல்ல மாட்டேன். வெளிய காத்திருக்கிற இருபது சொந்தக்காரங்களும் கேக்கப் போற முதல் கேள்வி என்ன குழந்தைங்கிறதுதானே.

கடைசியா ஒரு அவசரச் செய்தி. இதைத் தயவுசெஞ்சு படிங்க.

அறுவைக்கு அவசரம் இல்ல, ஆனா பரிசோதனைக்கு அவசரம் உண்டு. பிறந்த குழந்தையோட உறுப்பு ஆணா பெண்ணான்னு தெளிவா இல்லாம இருக்க ஒரு முக்கியக் காரணம், பிறவி அட்ரீனல் மிகைவளர்ச்சி. உலக அளவுல சுமார் 15,000 பிறப்புக்கு ஒண்ணு. சிறுநீரகத்துக்கு மேல உக்காந்திருக்கிற அட்ரீனல் சுரப்பியால கார்ட்டிசால் செய்ய முடியாது. அதுக்குப் பதிலா ஆண் ஹார்மோன் எக்கச்சக்கமா ஊறும். கருப்பையும் சினைப்பையும் உள்ள பெண் குழந்தை, வெளிய ஆண் மாதிரி தெரியும். இதுல ஒரு வகையில உடம்புல உப்பு நிக்காது. பெரும்பாலும் ரெண்டாவது வாரத்துல வாந்தி, பால் குடிக்காம சோர்ந்து போறது, எடை இறங்குறது, அப்புறம் அதிர்ச்சி நிலை. கவனிக்கலைன்னா உயிர் போயிரும். இதே குறைபாடு ஆண் குழந்தைக்கு வந்தா உறுப்பு சாதாரணமாத்தான் இருக்கும், அதனால யாருக்கும் சந்தேகமே வராது. வயித்துப்போக்குன்னு நினைச்சு இழந்த குழந்தைங்க உண்டு.

சோடியம், பொட்டாசியம், சர்க்கரை, 17-ஹைட்ராக்சி புரோஜெஸ்ட்டிரோன். இந்த ரத்தப் பரிசோதனைகள்ல பிடிச்சுரலாம். ஹைட்ரோகார்ட்டிசோன், ஃப்ளூட்ரோகார்ட்டிசோன்னு வாயில குடுக்கிற மாத்திரைங்கதான் சிகிச்சை. விடாம எடுத்துக்கிட்டா மத்தப் பிள்ளைங்க மாதிரி வளர்ந்து, படிச்சு, வேலைக்குப் போவாங்க. இது அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்ட இருந்தும் வர்ற மரபணுக் குறை. தாய்மாமன், அத்தை மகன்னு சொந்தத்துக்குள்ள கட்டுற நம்ம பக்கத்துல வாய்ப்பு கூடுதல். ஒரு குழந்தைக்கு இருந்தா அடுத்த ஒவ்வொரு பிரசவத்துலயும் நாலுல ஒரு பங்கு வாய்ப்பு இருக்கு. அதனால அடுத்த குழந்தைக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட பேசிடுங்க. முந்தி ஒரு பச்சைக் குழந்தை காரணம் தெரியாம ரெண்டு மூணு வாரத்துல தவறியிருந்தா, அதையும் மறக்காமச் சொல்லுங்க.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள்ல குழந்தைகள் பிரிவு இருக்கு. மதுரைக்காரங்களுக்குப் பெரியாஸ்பத்திரி. அங்க போங்க. ஆபரேஷனுக்குக் கையெழுத்து கேட்டா, உயிருக்கு ஆபத்தா, குழு பார்த்துருச்சான்னு கேளுங்க. கேக்குற உரிமை உங்களுக்கு இருக்கு. சொந்தக்காரங்க என்ன குழந்தைன்னு கேட்டா, டெஸ்ட் ரிசல்ட் வரணும், ஒரு வாரம் ஆகும்னு சொல்லிட்டுப் பால் குடுங்க.